சைவப் பருத்தி

முருகனுக்கு அந்த நேர்த்தியை வைத்த நேரம் நான் கொழும்பில் இருக்கிறேன் என்பதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. வெள்ளவத்தையில், பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மாடி வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, எங்கள் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் சரிந்து நடக்கக்கூடிய நீட்டு நிலம். ஆனால் வாய் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்து வளவிலேயே நின்றது.

சண்டைக் காலம். சித்திரை வருடம் பிறந்து கொஞ்ச நாளில் பொலிசும் ஆமியும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, வீடு வீடாக அடையாள அட்டை பார்த்தார்கள். எனது கணவரின் அட்டையில் வன்னி விலாசம். என்ன வேலை செய்தீர் என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கமக்காரருக்கு உரம் கொடுக்கும் களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்தேன் என்று உள்ளதைச் சொன்னார். அந்த நாட்களில் யூரியா என்றால் அவர்களுக்குப் பயிர் ஞாபகம் வருவதில்லை, குண்டுதான் ஞாபகம் வரும். உடுத்திருந்த சாரத்தை மாற்றக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் முருகன் கோயிலுக்கு ஓடினேன். வேறு எங்கே ஓடுவது? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். சட்டத்தரணியோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாது. முருகனோடு கதைக்கத் தெரியும். "ஆளை உயிரோடை கொண்டுவந்து விடு அப்பனே. இந்த வருசக் கார்த்திகை விளக்கீட்டுக்கு என்ரை கையாலை பருத்தி விளைவிச்சு, என்ரை கையாலை திரி திரிச்சு உனக்கு விளக்கேத்துவன்" என்று சொல்லிக் கும்பிட்டேன்.

சொல்லி முடித்து, வெளி வீதியில் செருப்பைத் தேடும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஊரில் எங்கள் கிணற்றடியில் பருத்தி தன்பாட்டில் நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, யாரும் பார்ப்பதில்லை. போகிற போக்கில் பிடுங்கித் திரி திரிப்போம். அந்த நினைப்பில், வளவு உள்ளவள் மாதிரி நேர்ந்துவிட்டேன். இங்கே எனக்கு இருந்தது கடல் மணல் ஒரு முழ அகலம். அதுவும் வீட்டுக்கார அம்மாவின் பூனை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த மணல்.

வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிப்போய், நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடை ஒன்றில் பருத்தி விதை வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். நடுவதற்கு என்றேன். "நடுறதுக்கோ? இது கஷாயத்துக்கு வச்சிருக்கிற பழைய விதை அம்மா, முளைச்சாச் சொல்லுங்கோ, நானும் நடுறன்" என்று சிரித்தார். விதையை ஒட்டிய பஞ்சு அடங்குவதற்குச் சாணத்தில் புரட்டிக் காயவைத்து நடவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அப்படியே செய்தேன். வைகாசியில் முக்கால்வாசி விதை மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. மிச்சம் முளைத்தது. முளைத்த அன்று நான் பெற்ற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ஆனி மாதம் அவரை விட்டார்கள். கிழமைக்கு ஒருக்கால் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆள் வந்துவிட்டார். மிச்சம் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜன்னலோரக் கதிரையில் இருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். "தேத்தண்ணி போடட்டோ?" என்றால் தலையை ஆட்டுவார். கையெழுத்து வைக்கப் போகும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவார், பிடித்துக்கொண்டே திரும்புவார். மற்றப்படி கேற்றுக்கு வெளியே கால் வைக்கமாட்டார். முன்பெல்லாம் வாய் ஓயாத மனிதர். களஞ்சியத்துக்கு மூட்டை எடுக்க வருகிற கமக்காரர் ஒருவரும் அவரிடம் பேச்சு வாங்காமல் போனதில்லை. எந்த நிலத்துக்கு எதைப் போடுகிறாய், எப்போது போடுகிறாய், இலை என்ன நிறம் என்று துருவித் துருவிக் கேட்பார்.

நேர்த்தி பாக்கி இருக்கிறது, அதனால்தான் முருகன் பாதி ஆளை மட்டும் தந்திருக்கிறான். எனக்கு அப்படித்தான் பட்டது. படித்தவர்கள் சிரிக்கலாம். நான் அப்படித்தான் நம்பினேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் அந்தச் செடிகளில் பஞ்சு வெடித்தாக வேண்டும். அன்று முதல் எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் சுவாமிக்கு வைத்த பூவையும், அபிஷேகம் செய்த பாலையும் தண்ணீரையும் கால் படும் இடத்தில் போடுவதில்லை. செடியின் அடியில்தான் விடுவோம். கோயிலில் குருக்களையாவிடம் கேட்டு, கழித்த பூமாலைகளையும் பையில் வாங்கி வந்தேன். எல்லாம் பருத்திக்கு. அதோடு ஒழுங்கை முனையில் பால் கொண்டுவருகிறவரிடம் சொல்லி வைத்துச் சாணம். அதைத் தினமும் கரைத்து ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீரும் பருத்திக்கு. சாப்பாடு மறுக்கிற பிள்ளைக்கு ஊட்டுவது போல ஊட்டினேன்.

செடிகள் வளர்ந்தன. ஐயோ, எப்படி வளர்ந்தன! ஆடி மாதம் மதிலுக்கு மேலே தலை நீட்டின. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது. கரும்பச்சை. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

பின் அறையில் ஒரு பெண் குடியிருந்தாள். மலையகத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, விறகடுப்பில் இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுத்துப் பிழைப்பவள். இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே செடிகளைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னக்கா, மாட்டுக்குத் தழையா வளக்குறீங்க?"

"ஏன், கண்ணூறு படுத்தாதை. எவ்வளவு வடிவா நிக்குது."

"வடிவாத்தான் நிக்குது. பூவு எங்கக்கா? பூவு இல்லாம பஞ்சு எங்கேர்ந்து வரும், கடையிலேர்ந்தா?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். மொட்டுகள் வந்திருந்தன. ஆனால் அடியில், பூமாலைச் சக்கைக்கு நடுவே, கடுகு கொட்டியது போல உதிர்ந்து கிடந்தன. பால் ஊற்றிய இடமெல்லாம் எறும்பு.

"ஒண்ணு செய்யுங்கக்கா," என்றாள் அவள். "ஒரு பிடி யூரியா வாங்கிப் போடுங்க. எங்க தோட்டத்துல—"

ஜன்னல் திறந்திருந்தது. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. எனது கணவர் எழுந்து, ஜன்னலைச் சாத்தி, உள் கொக்கியையும் போட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார்.

அவள் பாவம், அழுதே விட்டாள். "தெரியாமப் பேசிட்டேங்கக்கா. இனி அந்தப் பேரையே எடுக்கமாட்டேன்." நானும் எடுக்கவில்லை. உரம் என்ற சொல்லே எங்கள் அனெக்ஸில் இல்லாமல் போய்விட்டது. செடிக்குச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டோம்.

மொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மனம் சோர்ந்த ஒரு வெள்ளிக்கிழமை குருக்களையாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். திருநீற்றைத் தந்துவிட்டு, "ஏனம்மா இவ்வளவு கஷ்டப்படுறீங்கள்? கடைப் பஞ்சிலை திரி போட்டுக் கொண்டுவாங்கோ. சுவாமி ஒண்டும் கோவிக்கமாட்டார்" என்றார்.

"சுவாமி கோவிக்கமாட்டார் ஐயா. எனக்குத்தான் மனம் கேளாது."

"அப்ப செடியைப் பாருங்கோ. கார்த்திகைக்கு இன்னும் நாள் கிடக்கு."

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. திரும்பி வரும்போது பால்காரரிடம் இன்னும் ஒரு வாளி சாணம் கூடக் கேட்டேன். பாருங்கள் என் அறிவை! காய்க்காத செடிக்குச் சாப்பாடு காணாது, போதவில்லை என்றுதானே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு காலை. வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்த ஒடுக்கத்துக்குள் சரிந்து நடந்தேன். ஜன்னலடிக்கு வந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இஞ்சரும்."

நான் வாளியை வைக்கவும் மறந்து நின்றேன்.

"உதுக்கு இனிச் சாணம் போடாதையும்."

அவர் வந்த பிறகு எனக்குச் சொன்ன முதல் முழு வசனம் அதுதான். சந்தோஷத்தைக் காட்டினால் திரும்ப உள்ளே போய்விடுவாரோ என்று பயம். வேண்டுமென்றே சண்டைக்குப் போகிறவள் மாதிரிக் கேட்டேன்.

"ஏனாம்? நல்லாத்தானே நிக்குது."

"நல்லா நிக்கேல்லை. கொழுத்து நிக்குது. நீர் அதுக்குப் போடுறது எல்லாம் இலைக்குப் போகுது. அது இலை விடுறதிலையே சந்தோசமா இருக்கு, ஏன் காய்க்கப்போகுது?"

"அப்ப பட்டினி போடச் சொல்லுறியளோ?"

"தழைச்சத்தை நிப்பாட்டும் எண்டுறன். சாணம், அரிசித் தண்ணி, பூ, பால், ஒண்டும் வேண்டாம். தண்ணியையும் குறையும்." கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "நுனியைக் கிள்ளிவிடும். மேலை போனது காணும்."

நான் வாளியை அப்படியே வைத்துவிட்டு நுனி கிள்ளினேன். பிள்ளையின் தலைமயிரை வெட்டுவது போல இருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது காணாது, இன்னும் ஒரு கணு கீழை... அந்தப் பக்கம்... அது இல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

இரண்டாம் நாள் ஜன்னலில் நின்று சொல்வது போதாமல் வெளியே இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து மண்ணைத் தோண்டி, கையில் எடுத்து, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தார்.

"இது மண் இல்லை, வடிகட்டி" என்றார். "காய் பிடிக்கிறதுக்குச் சாம்பல் சத்து வேணும். மணலிலை அது நிக்காது. ஒரு மழைக்குக் கழுவுண்டு போயிடும். ஒரேயடியாக் கொட்டி வேலை இல்லை. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. அதைப் பிடிச்சு வைச்சிருக்கக் களிமண்ணும் வேணும்."

களிமண்ணுக்குக் கொழும்பில் எங்கே போவது? இடியப்பக்காரிதான் சொன்னாள், பாமன்கடைப் பக்கம் கால்வாயைத் துப்புரவாக்கிச் சேற்றைக் கரையில் குவித்திருக்கிறார்கள் என்று. நானும் அவளும் அரிசிப் பைகளோடு போய் அள்ளிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், நடைதான். வழியில் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சேற்றை வெயிலில் பரவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேவாரம் சொல்லி, பிறகுதான் செடியடிக்குப் போட்டேன். சுவாமி காரியம் அல்லவா.

"மஞ்சளிலை என்ன சத்து இருக்கெண்டு போடுறீர்?" என்று கேட்டார் அவர்.

"அது உங்களுக்கு விளங்காது. நீங்கள் உங்கடை பக்கத்தைப் பாருங்கோ."

அவளுடைய விறகடுப்புச் சாம்பல் வந்தது. அதையும் அவர் சலித்து, ஒரு செடிக்கு ஒரு சிரட்டையில் பாதிக்கும் குறைவாக, தண்டில் படாமல் தள்ளி வட்டமாகத் தூவினார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு கல்யாண வீடு முடிந்து, வாசலில் கட்டிய வாழைகளைக் குப்பைக்கு எறிந்திருந்தார்கள். அவற்றை நாங்கள் இரண்டு பேரும் இழுத்துவர, அவர் துண்டு துண்டாக வெட்டி, செடிகளுக்கு நடுவே குழி தோண்டிப் புதைத்தார். வாழைத்தண்டில் சாம்பல் சத்து நிறைய, தண்ணீரும் நிறைய, உக்க உக்க மெதுவாகக் கொடுக்கும் என்றார். வீட்டுக்கார அம்மா, சிங்களத்தி, வயதானவர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "துவே, இது என்ன, யாரைப் புதைக்கிறது?" என்று, மகளே என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தனது தமிழில் கேட்டார். "வாழையை அன்ரி" என்றேன். "ஆ, சரி சரி. என்ட பூனையை மட்டும் புதைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை வந்தது எலும்பில்தான்.

ஒருநாள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "பூவுக்கும் காய்க்கும் மணிச்சத்து வேணும். எலும்புத்தூள் கொஞ்சம் கிடைச்சால் நல்லது. இல்லாட்டி மீன் தலையைத் தாட்டாலும் சரி. இடியப்பக்காரியிட்டைச் சொன்னால் சந்தையிலை இருந்து சும்மா கொண்டுவந்து தருவா."

நான் எழுந்தே விட்டேன்.

"வாயைக் கழுவுங்கோ! முருகன்ரை விளக்குத் திரிக்கு எலும்போ? மீன் தலையோ?"

"நான் திரியிலையோ வைக்கச் சொன்னனான்? வேருக்கடியிலை."

"வேருக்கடியிலை வைச்சால் அது எங்கை போகும்? பஞ்சுக்குத்தானே போகும்? நீங்கள்தானே சொன்னியள், போடுறது எல்லாம் மேலை போகுது எண்டு."

"அது மேலை போகேக்கை மீனாகவோ போகுது? உப்பாகிப் போகுது."

"உப்போ புளியோ, என்ரை நேர்த்திக்கு மச்சம் வேண்டாம்."

"பிடிவாதம். சுத்தப் பிடிவாதம்."

"ஓம், பிடிவாதம்தான். இந்தப் பிடிவாதத்திலைதான் நீங்கள் வீட்டை வந்தனீங்கள்."

சத்தத்துக்கு இடியப்பக்காரி மாவுக் கையோடு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "அக்கா, நீங்க தோண்டிப் பாத்தீங்களா? கடலோர மண்ணு. பாதி சிப்பி, பாதி மீன் முள்ளு. அம்மாவோட பூனை வேற தெனமும் ஒண்ணு கொண்டாந்து பொதைக்குது. உங்க பருத்தி எப்பவோ கவிச்சி தின்னுருச்சு."

அவர் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. நான் கோபத்தில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டேன். பார்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது மண் தானாகச் செய்தது. நான் என்ரை கையாலை போடமாட்டன்."

அவர் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். பிறகு, "எள்ளுப் பிண்ணாக்கு?" என்று கேட்டார், கடையில் விலை பேசுகிறவர் மாதிரி.

"அது விளக்கு எண்ணெய் எடுத்த மிச்சம். அது நல்லது."

"அதிலையும் மணிச்சத்துக் கிடக்கு, கொஞ்சம். ஆனால் தழைச்சத்தும் கிடக்கு. கவனமாத்தான் போடவேணும்." கோப்பையை வைத்தார். "சரி. சைவப் பருத்தி. இவ்வளவு காலம் களஞ்சியத்திலை இருந்தன், இப்பிடி ஒரு பயிருக்கு நான் ஆலோசனை சொன்னதில்லை."

பிண்ணாக்கை நனைத்துக் கரைத்துத் தெளிந்த தண்ணீரை அளந்து விட்டார். மிஞ்சிய சக்கையை என்னிடமிருந்து பறித்து ஒளித்து வைத்தார். நான் அன்பு மிகுதியால் கொட்டிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

புரட்டாசியில் முதல் பூ. மஞ்சளாக விரிந்து மறுநாள் ரோசா நிறமாகி வாடியது. வாடினதும் விழுந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. அடியில் ஒரு சின்னக் காய், பச்சை மணி போல. அவர் விரலால் அதைத் தொட்டார்.

ஐப்பசி மழை கொழும்பில் எப்படிப் பெய்யும் என்று தெரியுந்தானே. ஒழுங்கை முழுக்க ஆறு. ஒவ்வொரு மழை விட்டதும் அவர் சாம்பல் சிரட்டையோடு இறங்குவார். கழுவிக்கொண்டு போனதைத் திரும்பக் கொடுக்கவேண்டுமாம். காய் முற்றி வெடிக்கிற நேரம் மழைத் தண்ணீர் உள்ளே போனால் பஞ்சு கறுத்து அழுகிவிடும் என்று பொலித்தீனைக் கம்பில் கட்டிப் பந்தல் போட்டார். காற்று அதைப் பிய்த்து எறிந்த ஒரு பின்னேரம், குடையை விரித்துச் செடிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துபோய் நின்றார். "காய்ச்சல் வரப்போகுது, வாங்கோ உள்ளுக்கு!" என்று கத்தினேன். "நீர்தானே நேர்ந்தனீர்? மற்றப் பக்கக் குடையைப் பிடியும்!" என்று திருப்பிக் கத்தினார். பிடித்தேன்.

பல காய்கள் அழுகின. அதை மறைக்க மாட்டேன். அழுகியதைப் பிய்த்துப் போடும்போதெல்லாம் கந்தனை ஏசினேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கீழ்க் கிளைகளில், சுவரின் மறைவில் இருந்தவை தப்பின. கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலை, ஒரு காய் வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை. நான் சத்தம் போட்டேனாம், இடியப்பக்காரி பாம்பு என்று நினைத்து விளக்குமாறோடு ஓடிவந்தாள்.

எல்லாம் சேர்த்தால் இரண்டு கையில் அடங்கும் பஞ்சு. விதையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, குளித்துத் தோய்ந்து, சுவாமிப் படத்துக்கு முன் இருந்து தொடையில் வைத்துத் திரி திரித்தேன். திரிகளைச் சின்னத் தகர ரின் ஒன்றில் அடுக்கினேன்.

விளக்கீட்டன்று பின்னேரம் இடியப்பக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். அவரைக் கேட்கவில்லை. கையெழுத்து வைக்கிற நாள் இல்லை, அவர் எதற்கு வெளியே வருவார்? சேலை உடுத்திக்கொண்டு வந்து பார்த்தால் அவர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாகக் கேற்றடியில் நின்றார்.

"சுணங்கிறீர்" என்றார்.

ஏதாவது சொன்னால் திரும்பிவிடுவார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நடந்து வந்தார்.

காலி வீதிக்கு ஏறும் இடத்தில் சோதனைச் சாவடி. கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் முறை வந்தது. ஆமிக்காரன் என் பையைத் திறந்து தேங்காயைத் தட்டிப் பார்த்தான். பிறகு ரின்னை எடுத்து, மூடியைத் திறந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். நான் வாயைத் திறக்க முன்பே என் பக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"பஹன் திர, மாத்தயா." விளக்குத் திரி, ஐயா என்று சிங்களத்தில் சொன்னார். "எங்கடை வீட்டுப் பருத்தி."

ஆமி உடுப்புப் போட்டவனுடன் அவர் தானாகப் பேசி எத்தனை மாதம்! அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் பார்த்தேன்.

ஆமிக்காரன் நம்பவில்லை. கொழும்பில் எங்கே பருத்தி, இந்தக் கடல் மணலில் அது காய்க்குமா என்று கேட்டான். அவனும் எங்கோ வயல் வரப்பில் பிறந்தவனாக இருக்கவேண்டும். கேட்ட மாதிரி அப்படி இருந்தது. இவர் தொடங்கிவிட்டார். மணலில் சத்து நிற்காது, களிமண் கலக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கவேண்டும், இலைக்குப் போகவிடக்கூடாது என்று உடைந்த சிங்களத்தில், கையைக் காட்டிக் காட்டி விளக்கம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஐயா, கிளாஸ் எடுக்கிறதெண்டால் ஓரமா நிண்டு எடுங்கோ, பூசை முடியப்போகுது!" என்று ஒருவர் சொன்னார். நான் சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போது அவன் கேட்டான். "மொன பொஹொரத தெம்மே?"

என்ன உரம் போட்டீர்கள் என்று. அந்தச் சொல். எங்கள் அனெக்ஸில் யாருமே எடுக்காத சொல். முருகா, முருகா என்று மட்டும் மனதில் ஓடியது. இவர் என் பிடியிலிருந்து சால்வையை விடுவித்தார். பிறகு நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"யூரியா இல்லை, மாத்தயா. அடுப்புச் சாம்பல். வாழைத்தண்டு. பிண்ணாக்கு. உரம் எண்டால் இதுவும் உரம்தான்."

அவன் ரின்னின் மூடியைச் சாத்தி அவருடைய கையில் கொடுத்தான். போகச் சொல்லித் தலையை ஆட்டினான்.

கோயிலில் அவரே அகல் விளக்கில் எண்ணெய் விட்டார். நான் திரியைப் போட்டுக் கொளுத்தினேன். ஐப்பசி ஈரம் பஞ்சில் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கவேண்டும், சடசடவென்று இரண்டு மூன்று தரம் துப்பியது. பிறகு பிடித்துக்கொண்டது. சின்னச் சுடர், ஆனால் நேராக நின்றது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். அழட்டும் என்று என்னை விட்டுவிட்டு, அவர் குனிந்து அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு காய்ஞ்சது காணாது" என்றார். "அடுத்த போகம் மாசி வெயிலுக்கு வெடிக்கிற மாதிரிக் கணக்குப் பண்ணி நடவேணும். மண்ணுக்கு இப்பவே ஏதாவது செய்யத் தொடங்கவேணும். நாளைக்குப் பாமன்கடைப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாக்கிறன், அந்தச் சேறு இன்னும் கிடக்குதோ எண்டு."

"நானும் வாறன்" என்றேன்.

"நீர் ஏன்? மஞ்சள் தண்ணி தெளிக்கவோ? அதைச் சேறு வீட்டை வந்தாப் பிறகு தெளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிட நடந்தார்.